மூன்றாவது முறை கூப்பிடும் வரை

எழுதப் பழகாதவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, அதன்பின் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை, அவ்வளவுதான் என் படிப்பு. மசாலாப் பொட்டலங்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதைத் தவிர எழுத்தோடு எனக்கு உறவு கிடையாது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். முன்பின் தெரியாதவர்கள் படிக்க எழுதுவது எனக்கே சரியாகப் படவில்லை.

ஆனால் என்னைப் பார்த்துக்கொண்ட மிஸ்ஸி ஒரு வார்த்தை சொன்னார். பினாங்கில் தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். "அக்கா, அந்த நெலமைக்குப் போயிட்டு வர்றவங்க நெறைய பேருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. இருக்கிறவங்களும் வெக்கப்பட்டுக்கிட்டு சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு ஞாபகம் இருந்தா எழுதி வைங்கலா. நாங்க வெளியிலேர்ந்து பாக்கிறது மட்டுந்தானே எங்களுக்குத் தெரியும்." அதனால் உள்ளேயிருந்து பார்த்ததை எழுதுகிறேன். யார் பெயரையும் எழுதவில்லை, என் பெயர் உட்பட.

முதலில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது பெருநிலத்தில், சுங்கை பாக்காப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அங்கே விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. இரண்டாவது முறை கூப்பிட்டாலும் பேசாமல் இருக்க வேண்டும். மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் "என்ன" என்று கேட்கலாம். மனிதர்கள் என்றால் மூன்று முறை கூப்பிடுவார்கள். மற்றதற்கு இரண்டுக்கு மேல் வாய் வராது. அம்மா அதை மிரட்டிச் சொன்னதில்லை. அடுப்பு சுடும் என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்.

கல்யாணமாகிப் பினாங்குத் தீவுக்கு வந்து அடுக்குமாடி வீட்டில் குடியேறிய பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. ஒருநாள் சாயங்காலம் பார்சல்காரன் வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். என் கணவர் அதை இன்னும் சொல்லிக் காட்டுவார். அவர் மட்டும் இதில் சேர்த்தி இல்லை. அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து "இந்தா"தான். "இந்தா"வுக்கு நான் எந்த நேரத்திலும் உடனே பதில் சொல்லிவிடுவேன். அது பேர் இல்லையே.

நான் வேலை செய்வது சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மசாலா அரைத்துப் பொட்டலம் போடும் கடையில். கடைக்குள் கழிவறை இல்லை. பக்கத்து காப்பிக்கடைக்குப் போக வேண்டும். மேசை மேசையாக உட்கார்ந்திருக்கும் ஆண்களைத் தாண்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் வேலை நேரத்தில் நான் தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வேறு உண்டு. ஒருநாள் மத்தியானம் மிளகாய்த்தூள் கட்டிக்கொண்டிருந்தபோது உடம்பு உதறத் தொடங்கியது. பல் பல்லோடு அடித்தது. கடைக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டார். சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்திருக்கிறது என்றார்கள். வார்டில் படுக்க வைத்துக் கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள்.

அன்று சாயங்காலம்தான் அந்த மிஸ்ஸியை முதலில் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். அவரும் பெருநிலத்துப் பக்கம், தோட்டத்துப் பிள்ளை. ஊசிமருந்து போட்டுக்கொண்டே நிறையக் கேட்டார். எந்த ஊர், என்ன வேலை, வீட்டில் யார் சமையல், சம்பாலுக்கு வெங்காயத்தை அரைப்பீர்களா நறுக்குவீர்களா. நான் கூச்சத்தோடு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். நல்ல வாயாடி மிஸ்ஸி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா இருந்தார். சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். காலில் புண்ணுக்காகப் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிக் கஞ்சியை அவர் மன்னிக்கத் தயாராக இல்லை. "இதுல உப்புப் போட்டா அரசாங்கம் கவுந்துடுமா, தங்கச்சி?" என்று காலையிலேயே கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வரை எனக்கு எல்லாம் ஒழுங்காக ஞாபகம் இருக்கிறது.

அதன்பிறகு வார்டு மெல்ல நகரத் தொடங்கியது. தலைச்சுற்றல் போல இல்லை. ஃபெரி கரையை விட்டு விலகும்போது கீழே இஞ்சின் நடுங்குமே, அப்படிக் கட்டிலுக்கு அடியில் ஒரு நடுக்கம். ஜன்னலுக்கு வெளியே மரம் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

மேலே காற்றாடி சுற்றியது. அதன் நிழல் சுவரில் சுற்றாமல் நின்றது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் அந்த நேரத்திலும் என்னை விட்டுப் போகவில்லை. அறிவு போனாலும் கூச்சம் போகாது போலிருக்கிறது. சற்று நேரத்தில் எனக்கு வேறொன்று விளங்கியது. இது ஆஸ்பத்திரி இல்லை. ஆஸ்பத்திரி மாதிரி யாரோ செய்து வைத்த இடம். கட்டில், திரை, தண்ணீர்க் குவளை எல்லாம் சரியாக இருந்தன. மிஸ்ஸிகளுக்கு மிஸ்ஸி முகமே இருந்தது. எல்லாம் அவ்வளவு சரியாக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

எனக்கு எதிர்க் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தார்கள். மத்தியானம் பார்த்தபோது அதன் தலையணை நடுவில் ஒரு குழி இருந்தது, யாரோ தலை வைத்தது போல. நான் பார்க்கப் பார்க்க அது இன்னும் கொஞ்சம் ஆழமாகியது.

பிறகு அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

என் அடையாள அட்டையில் இருக்கும் பேர் இல்லை. தோட்டத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூப்பிட்ட பேர். அதைத் தெரிந்தவர்கள் இப்போது உயிரோடு இல்லை. ஒரு முறை கூப்பிட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை. திரும்பவும் இரண்டு முறை கூப்பிட்டு நின்றது. பகல் முழுவதும் அப்படியே. அம்மாவின் குரலோ என்று முதலில் நினைத்தேன். அம்மாவின் குரல் இல்லை. மிகவும் பழகிய குரல், ஆனால் யாருடையது என்று பிடிபடவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். காய்ச்சல் இல்லை, நல்லது என்று மலாயில் சொன்னார். நான் தலையாட்டினேன். பகல் மிஸ்ஸி என் போர்வையைச் சரிசெய்து, "இந்த அக்கா தொந்தரவே இல்ல, நல்லாத் தூங்குறாங்க" என்றார். தொந்தரவு கொடுக்காதவளை யார் சந்தேகப்படுவார்கள்? கஞ்சி வந்தது, அப்படியே போனது.

சாயங்காலம் விளக்குப் போட்டார்கள். பெருநிலத்து மாக் மண்டினில் பட்டறை வேலை முடிந்து, மோட்டார் சைக்கிளோடு ஃபெரி பிடித்து என் கணவர் வந்தார். அவர் சட்டையில் இரும்பு வாசம் இருந்தது. அந்த வாசம் மட்டும் உண்மையானது என்று எனக்குப் பட்டது. பாதிக் கண் மூடிக் கிடந்த நான் தூங்குகிறேன் என்று நினைத்துப் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல்நாள் பார்த்த அதே மிஸ்ஸி இரத்த அழுத்தம் பார்க்கும் எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது கேட்டது. நான் அசையவில்லை.

கணவர் சிரித்தார். "ஒரு வாட்டி கூப்பிட்டா வராது, மிஸ்ஸி. இந்த நேரத்துல மூணு வாட்டி கூப்பிடணும். அவுங்க தோட்டத்துச் சட்டம்லா."

"எங்கம்மாவும் அப்படித்தாண்ணே," என்று மிஸ்ஸியும் சிரித்தார். "தெரியாம நான் ஒரு தரம் கூப்பிட்டுட்டு விட்டா, வீட்டுக்கு வெளியேதான் நிக்கணும்."

பக்கத்துக் கட்டில் அக்கா விடவில்லை. "அப்போ கடன்காரன் வந்தாலும் மூணு வாட்டி கூப்பிடணுமா? நல்ல வசதியா இருக்கே."

மூவரும் சிரித்தார்கள். கூப்பிட்டும் நான் பதில் சொல்லாததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்த மிஸ்ஸி அதோடு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்று பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

"சரி, சட்டப்படியே கூப்பிடுறேன்," என்று மிஸ்ஸி இரண்டாவது முறை கூப்பிட்டார். அதே நேரம் எதிர்க் கட்டிலும் கூப்பிட்டது. நான் கவனமாக எண்ணிக்கொண்டிருந்தேன். எது யாருடைய முதலாவது, எது யாருடைய இரண்டாவது என்று பிரித்து வைக்கப் பார்த்தேன். நூல் சிக்கிக்கொண்டது போல ஆகிவிட்டது. மிஸ்ஸி குனிந்து, தோளைத் தொட்டு, மூன்றாவது முறை கூப்பிட்டார். எதிர்க் கட்டிலிலிருந்தும் மூன்றாவது முறை கூப்பிட்டது.

இரண்டுக்கு மேல் வாய் வராதது மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டது. இனி யாருக்குமே பதில் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மூணாச்சே," என்றார் கணவர். அவர் குரல் இறங்கியிருந்தது.

"வீட்டுல மூணாவதுக்குப் பதில் சொல்வாங்களாண்ணே?"

"எப்பவும் சொல்லும், மிஸ்ஸி. ஒருநாளும் தப்புனதில்ல."

மிஸ்ஸியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. எந்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிறார் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அவர் கண் என் கையில் இல்லை. என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமைக்காமல், வெகுநேரம். அங்கே என் மேல் ஏதோ உட்கார்ந்திருப்பதாக மத்தியானத்திலிருந்தே எனக்கு ஒரு பாரம். அதை இவரும் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். ஒருவராவது பார்த்தாரே என்று ஆறுதலாக இருந்தது.

பிறகு என் விரல் நகத்தை அழுத்தி விட்டார். நகம் வெளுத்தது. இரத்தம் திரும்பி வர வேண்டும். வரவே இல்லை. வெள்ளையாகவே இருந்தது, மெழுகு போல. பிறகு மெதுவாக, மனமில்லாமல் சிவந்தது. என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இவங்க பாத்ரூம் போனாங்களா?" என்று பொதுவாகக் கேட்டார்.

கணவருக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில் அக்காதான், "காலையிலேர்ந்து எழும்பவே இல்லயே, மிஸ்ஸி. நான் தூங்குதுன்னுல்ல நெனச்சேன்," என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

மிஸ்ஸி இடத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பக்கம் போன இன்னொரு மிஸ்ஸியிடம் மலாயில், டாக்டரை உடனே வரச் சொல் என்றார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். "சர்க்கரை சரியாத்தான் இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எந்திரத்தின் பட்டையைக் கையில் சுற்றினார். அது உறுமி இறுக்கி, விட்டுவிட்டுத் திரும்ப இறுக்கியது. எண்ணைப் பார்த்ததும் என் மூக்குக்கும் வாய்க்கும் மேல் ஆக்ஸிஜன் மூடியை வைத்தார்.

"அண்ணே, நீங்க கூப்பிடுங்க. எப்பவும் எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படி."

கணவர் வாயைத் திறந்து என் பேரைச் சொல்லப் பார்த்தார். அவருக்கு வரவில்லை. இத்தனை வருடம் சொல்லாத பேர் எப்படி வரும்? கடைசியில், "இந்தா," என்றார்.

"ம்," என்றேன்.

எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. எதிர்க் கட்டிலுக்கு என் பேர் தெரியும், சின்ன வயதுப் பேரும் தெரியும். "இந்தா" தெரியாது.

மிஸ்ஸி என் முகத்துக்கு நேரே வந்தார். "அக்கா, இது எந்த இடம்?"

அது சோதனை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கணவர் பக்கத்தில் இருந்ததால் உண்மையைச் சொன்னேன். "ஃபெரி."

"நேத்து என்கிட்ட சம்பால் செய்ற விதம் சொன்னீங்களே. வெங்காயத்த அரைப்பீங்களா நறுக்குவீங்களா?"

"அது யாரு அங்க படுத்திருக்கிறது," என்று கேட்டேன்.

கணவர் திரும்பிக் காலிக் கட்டிலைப் பார்த்தார். அவர் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டாக்டர் வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே மிஸ்ஸி சொன்னார். அது மட்டும் எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவர் என்னைப் பற்றிப் பேசியது நான் அங்கே இருப்பதற்கு ஒரு சாட்சி போல இருந்தது. நேற்று நன்றாகப் பேசினார், இன்று இடம் தெரியவில்லை, மூச்சு வேகமாக இருக்கிறது, கை கால் குளிர்ந்திருக்கிறது, சிறுநீர் போகவில்லை, அழுத்தம் இறங்கியிருக்கிறது. இரண்டாவது கையிலும் ஊசி ஏற்றினார்கள். இரத்தம் எடுத்தார்கள். மருந்தை மாற்றினார்கள். சிறுநீருக்குக் குழாய் போட்டபோது எனக்கு வெட்கம் வந்தது. அதுவே நல்ல அடையாளம் என்று மிஸ்ஸி பிறகு சொல்லிச் சிரித்தார்.

பிறகு, உடம்பு தேறிவந்த நாட்களில், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கேயே எழுதிவிடுகிறேன். முதல்நாள் கேட்ட சம்பால் கதை அரட்டை இல்லையாம். ஒரு நோயாளி தெளிவாக இருக்கும்போது எப்படிப் பேசுவார் என்று தெரிந்தால்தானே, மாறும்போது கண்டுபிடிக்க முடியும். மணிக்கட்டைப் பிடித்தது நாடிக்காக மட்டும் இல்லை. மூச்சை எண்ணுகிறேன் என்று சொன்னால் மனிதர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவார்களாம். உடம்புக்குள் கிருமி மீறும்போது பல பேருக்கு முதலில் மூச்சுதான் மாறும். "காய்ச்சல் எறங்கினா நோய் எறங்கிடுச்சுன்னு அர்த்தம் இல்லக்கா. உடம்புக்குத் தெம்பு போனாலும் காய்ச்சல் எறங்கும். கத்துற நோயாளிய எல்லாரும் பாப்பாங்க. திடீர்னு அமைதியாகிற நோயாளியத்தான் நாங்க போய்ப் பாக்கணும். சொந்தக்காரங்க, 'இது எப்பவும் இப்படித்தான்'னு சொன்னாலும், இன்னிக்கும் அப்படித்தானான்னு ஒரு தரம் கேட்டுடணும்."

எதிர்க் கட்டிலைப் பற்றி மட்டும் மிஸ்ஸியிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. பக்கத்துக் கட்டில் அக்கா என்னைப் பார்க்கச் சக்கர நாற்காலியில் வந்தபோது அவரிடம் கேட்டேன். அன்று பகலில் யாராவது என்னைக் கூப்பிட்டார்களா என்று. தோட்டத்தில் கூப்பிட்ட பேரையும் சொன்னேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இன்னும் தள்ளிக்கொண்டார். "நீதானே தங்கச்சி அந்தப் பேரச் சொல்லிக்கிட்டிருந்தே. கண்ண மூடிக்கிட்டு, ரெண்டு வாட்டி சொல்லுவே, நிப்பாட்டிடுவே. பேத்தி பேரோ என்னமோன்னு நெனச்சேன்."

அந்தப் பழகிய குரல் யாருடையது என்று அப்போதுதான் பிடிபட்டது. அன்று மூன்றாவது முறை கூப்பிட்டதும் அந்தக் குரல்தானே. அதற்கு நான் பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில நேரம் நினைப்பேன். மிஸ்ஸிக்கு இதற்கும் ஒரு விளக்கம் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். என் கட்டிலை மிஸ்ஸிகள் உட்காரும் மேசைக்கு நேர் எதிரே தள்ளிக்கொண்டு போய் வைத்தார்கள். அங்கிருந்தும் அந்தக் காலிக் கட்டில் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பும் நேரம் ஆகியும், கணவரை இருக்கச் சொன்னார் மிஸ்ஸி. "பேசிக்கிட்டே இருங்கண்ணே. தெரிஞ்ச குரல் கேட்டா நல்லது."

அவருக்குப் பேச என்ன தெரியும்? ஃபெரியில் கூட்டம் என்றார். பட்டறையில் வெல்டிங் கம்பி தீர்ந்துவிட்டது என்றார். மீன் வாங்கவில்லை என்றார். பேச்சு தீர்ந்ததும் வெறுமனே "இந்தா" என்றார். நான் "ம்" என்றேன். நடுநடுவே அந்தப் பக்கமிருந்து என் பேர் கேட்டது. ஒன்று, இரண்டு. மூன்றாவதற்கு முன்பு அவர் "இந்தா" என்றுவிடுவார். நான் "ம்" என்றுவிடுவேன். இரண்டு பேரில் யார் விட்டாலும் போயிற்று என்பது போல நாங்கள் அதையே செய்துகொண்டிருந்தோம். கட்டிலுக்கு அடியில் இஞ்சின் நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை சிறுநீர் இறங்கியது. கஞ்சியில் பாதி குடித்தேன், உப்பு இல்லை. அந்தக் காலிக் கட்டிலில் ஒரு சீனப் பெண்மணியைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள்.